எஃப்சிஐபி டனல் அமைப்பும் முன்னுரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃப்சிஐபி டனல் என்ன வேலை செய்கிறது?

எஃப்சிஐபி என்றால் ஃபைபர் சேனல் ஓவர் ஐபி. ஃபைபர் சேனல் என்பது சர்வரையும் ஸ்டோரேஜ் பெட்டியையும் இணைக்கும் தனி நெட்வொர்க். டனல், அதன் ஸ்விட்ச் அனுப்பும் ஃபிரேமை (தரவுப் பொட்டலத்தை) அப்படியே எடுத்து, டிசிபி இணைப்புக்குள் போட்டு, ஐபி நெட்வொர்க் வழியாக மறுமுனைக்குக் கொண்டுபோகிறது. அங்கே உறையைப் பிரித்து மறுபடி ஃபைபர் சேனலாக விடுகிறது. நடுவில் ஐபி இருப்பது சர்வருக்கோ ஸ்டோரேஜ் பெட்டிக்கோ தெரியாது. 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3821 என்ற தரநிலை ஆவணம் இதன் அடிப்படை. வழக்கமான டிசிபி போர்ட் 3225.

ஐஸ்கசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஸ்கசி (ஸ்டோரேஜோடு பேசும் மொழி) கட்டளைகள் நேரடியாக டிசிபியில் போகும், போர்ட் 3260, ஃபைபர் சேனலே தேவையில்லை. எஃப்சிஐபி என்பது ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஃபைபர் சேனல் ஃபேப்ரிக்குகளை (ஸ்விட்சுகள் சேர்ந்த நெட்வொர்க்குகளை) தூரத்திலிருந்து இணைக்கும் வழி.

ஃபைபர் சேனல், பாதையில் ஃபிரேம் தொலையாது என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. இடம் இருந்தால்தான் அனுப்புவது என்பது அதன் கிரெடிட் முறை. ஐபி நெட்வொர்க்கில் நெரிசல் வந்தால் பாக்கெட்டைத் தூக்கிப்போடுவதுதான் வழக்கம். டிசிபி அந்த இழப்பை மறைத்துத் திரும்ப அனுப்பும், ஆனால் அதற்கு நேரம் ஆகும். கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த முரணிலிருந்து வந்தவைதான்.

டனல் போட்டதும் இரண்டு தளங்களும் ஒரே ஃபேப்ரிக் ஆகிவிடுமா?

ஆகிவிடும், தடுக்க ஏற்பாடு செய்யாவிட்டால். டொமைன் எண் (ஸ்விட்சின் அடையாள எண்) மோதினாலோ, ஒரே பெயரில் வேறு உள்ளடக்கம் கொண்ட ஜோன்கள் (யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல்கள்) இருந்தாலோ, ஃபேப்ரிக் சேராமல் பிரிந்தே நிற்கும். டனல் மேலே இருக்கும், ஆனால் எதிர்ப்பக்கச் சாதனம் எதுவும் தெரியாது. அதைவிட மோசமானது, எல்லாம் சேர்ந்து நன்றாக ஓடும்போது ஐபி லிங்க் ஆட்டம் காண்பது. ஒவ்வொரு முறை விழுந்து எழும்போதும் இரண்டு தளங்களின் ஃபேப்ரிக்கும் தன் பாதைகளைத் திரும்பக் கணக்கிடும், மாற்ற அறிவிப்புகள் பறக்கும்.

ரெப்ளிகேஷன் (மறுதளத்துக்குத் தரவைப் பிரதியெடுப்பது) போர்ட்டுகள் மட்டும் பேசிக்கொண்டால் போதும் என்றால், இரண்டு ஃபேப்ரிக்குகளையும் ஒன்றாக்காதீர்கள். ப்ரோகேட் நிறுவன ஸ்விட்சுகளில் ஃபைபர் சேனல் ரவுட்டிங்கும், சிஸ்கோவின் எம்டிஎஸ் ஸ்விட்சுகளில் விசான்களுக்கு (ஒரே ஸ்விட்சில் பிரித்து வைத்த தனி ஃபேப்ரிக்குகளுக்கு) இடையேயான ரவுட்டிங்கும் இதற்குத்தான் இருக்கின்றன. ரெப்ளிகேஷனுக்கு என்றே தனி விசான் ஒதுக்கி, அதை மட்டும் டனலில் விடுவது இன்னும் எளிது.

டனல், சர்க்கிட் இரண்டும் ஒன்றா?

இல்லை. ப்ரோகேட் பேச்சில், டனல் என்பது ஃபேப்ரிக் பார்க்கும் ஒற்றை இணைப்பு. அதற்குள் ஒன்றோ பலவோ சர்க்கிட்டுகள். ஒவ்வொரு சர்க்கிட்டும் இரண்டு முனைகளின் ஒரு ஜோடி ஐபி முகவரி. ஒரு சர்க்கிட் விழுந்தால் மற்றது சுமையை எடுத்துக்கொள்ளும், ஃபேப்ரிக்குக்கு எதுவும் தெரியாது. அதனால் வெவ்வேறு பாதையில் இரண்டு லிங்க் இருந்தால், இரண்டு டனலாகப் போடுவதைவிட ஒரே டனலில் இரண்டு சர்க்கிட்டாகப் போடுவது பெரும்பாலும் நல்லது. சிஸ்கோ எம்டிஎஸ்-இல் பல எஃப்சிஐபி இன்டர்ஃபேஸ்களை போர்ட் சேனலாகக் கட்டி இதே பலனை அடைகிறார்கள்.

கட்டமைக்கத் தொடங்கும் முன் லிங்க் தருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை மெகாபிட் என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த மெகாபிட்டை ஈதர்நெட் ஃபிரேமில் அளக்கிறார்களா, ஐபி பாக்கெட்டிலா என்று கேளுங்கள். வரம்பைத் தாண்டினால் வரிசையில் நிறுத்துவார்களா, தூக்கிப்போடுவார்களா என்பதும் முக்கியம். முனையிலிருந்து முனை வரை எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) எவ்வளவு, போக வர ஆகும் தாமதம் எவ்வளவு, மாற்றுப் பாதைக்கு மாறினால் அந்தத் தாமதம் எவ்வளவு ஆகும், நாம் பாக்கெட்டில் போடும் டிஎஸ்சிபி என்ற முன்னுரிமைக் குறியை மதிப்பார்களா அல்லது அழித்துவிடுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் எல்லாருமே ‘அதெல்லாம் போகும் சார்’ என்பார்கள்.

வேகத்தை எவ்வளவு என்று வைப்பது?

முன்னுரிமையைவிட இதுதான் முக்கியம். வேகம் தவறாக இருந்தால் முன்னுரிமை எப்படி வைத்தாலும் பயனில்லை.

ஸ்டோரேஜ் டனலின் டிசிபி, பிரவுசரின் டிசிபி போல மெதுவாக ஆரம்பித்து ஏறுவதில்லை. குறைந்தபட்ச வேகம் என்று நீங்கள் எழுதும் எண்ணை அது நம்பிவிடும். எழுதியது 500 மெகாபிட், லிங்க் உண்மையில் தருவது 400 என்றால், டனல் விடாமல் 500-ஐத் தள்ளப் பார்க்கும்; 100 மெகாபிட் எங்கோ நடுவில் தொலையும், திரும்ப அனுப்பப்படும், மறுபடி தொலையும்.

கணக்கைப் பாருங்கள். 1500 பைட் ஐபி பாக்கெட் கம்பியில் போகும்போது ஈதர்நெட் தலைப்பு, விலான் குறி, சரிபார்ப்பு எண், முன்னோட்ட பைட்டுகள், ஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளி எல்லாம் சேர்த்து 1542 பைட் இடத்தைப் பிடிக்கும். லிங்க் தருபவர் கம்பியளவில் 500 மெகாபிட் என்று அளந்தால், ஐபி அளவில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 486 மெகாபிட்தான். உங்கள் சாதனம் எந்த அளவில் எண்ணுகிறது என்று அதன் கையேட்டில் பார்த்து, அதற்கும் சற்றுக் கீழே வையுங்கள். இந்த உதாரணத்தில் நான் 475-இல் தொடங்குவேன். கம்ப்ரஷன் போட்டிருந்தால், இந்த வரம்பு சுருங்கிய பிறகு வெளியே போகும் தரவுக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே வருவது இதைவிட அதிகமாக இருக்கலாம்.

குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்கள் எதற்கு?

லிங்க் முழுவதும் உங்களுடையது என்றால் இரண்டையும் ஒன்றாகவே வைத்துவிடலாம். பகிர்ந்துகொள்ளும்போதுதான் இரண்டு எண் தேவை. 1 ஜிகாபிட் லிங்கில் இரண்டு சாதனங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் குறைந்தபட்சம் 500, அதிகபட்சம் 1000. இரண்டும் ஓடும்போது பாதிப் பாதி. ஒன்று விழுந்தால் மற்றது முழு லிங்கையும் எடுக்கும். குறைந்தபட்சங்களின் கூட்டுத்தொகை லிங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு முனையிலும் ஒரே எண்கள் இருக்க வேண்டும். வெவ்வேறாக இருந்தால் ஒரு பக்கத்து ரெப்ளிகேஷன் ஏன் மெதுவாகிறது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

1 ஜிகாபிட் லிங்கில் 26 மெகாபிட்தான் வருகிறது. ஏன்?

அந்த 26 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பதில் வராமல் வழியில் எவ்வளவு தரவை வைத்திருக்கலாம் என்பதுதான் டிசிபி சாளரம். விரிவாக்கம் இல்லாவிட்டால் அது 65,535 பைட். போக வர 20 மில்லிசெகண்ட் ஆகும் பாதையில், ஒவ்வொரு 20 மில்லிசெகண்டுக்கும் 65,535 பைட், அதாவது நொடிக்கு 26 மெகாபிட் சொச்சம். அதே தாமதத்தில் 1 ஜிகாபிட்டை நிரப்ப வேண்டுமானால் 2.5 மெகாபைட் வழியில் இருக்க வேண்டும்.

எஃப்சிஐபி சாதனங்களில் சாளர விரிவாக்கம் இருக்கும். ஆனால் சிலவற்றில் போக வர ஆகும் தாமதத்தை நீங்கள்தான் எழுத வேண்டும், அதை வைத்தே சாளரத்தைக் கணக்கிடும். அங்கே இயல்பாக இருந்த சின்ன எண்ணை மாற்றாமல் விட்டால் இதே கதைதான். அளந்து எழுதுங்கள். மாற்றுப் பாதை நீளமானது என்றால் அந்தத் தாமதத்தை எழுதுங்கள்.

அளந்த எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போகச் சுமார் 5 மைக்ரோசெகண்ட். 1000 கிலோமீட்டர் இழை என்றால் போய்வரக் குறைந்தது 10 மில்லிசெகண்ட். அதற்குக் குறைவாக யாராவது எழுதித் தந்தால் திரும்பக் கேளுங்கள்.

பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைவது பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். இழப்பைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் சாதாரண டிசிபி இணைப்பின் உச்ச வேகம், பாக்கெட் அளவைத் தாமதத்தால் வகுத்து, அதை இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து, தோராயமாக 1.22-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 1460 பைட், 20 மில்லிசெகண்ட், 0.01 சதவீத இழப்பு என்று போட்டால் விடை ஏறக்குறைய 71 மெகாபிட். லிங்க் 1 ஜிகாபிட்டோ 10 ஜிகாபிட்டோ, ஒரு இணைப்புக்கு அதே 71-தான்.

ஸ்டோரேஜ் சாதனங்களின் டிசிபி இதைவிடப் பிடிவாதமாக நடக்கும்படி செய்யப்பட்டது, பல இணைப்புகளையும் சேர்த்து ஓட்டும். அதனால் நடைமுறையில் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் தாமதம் கூடக் கூட இழப்பின் அடி பலமாகும் என்ற உறவு மாறாது.

எம்டியு எவ்வளவு வைக்கலாம்?

முழு ஃபைபர் சேனல் ஃபிரேம் 2148 பைட். எஃப்சிஐபி தலைப்பு 28 பைட், டிசிபிக்கும் ஐபிக்கும் சேர்த்துக் குறைந்தது 40. மொத்தம் 2216. வழி முழுவதும் எம்டியு 2300 இருந்தால் ஒரு ஃபிரேம் ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடும். 1500 என்றால் இரண்டு டிசிபி துண்டுகளாகப் போகும். வேலை நடக்கும், கொஞ்சம் சுமை கூடும், அவ்வளவுதான். பல ஃபிரேம்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் சாதனங்களில் 9000-க்குப் போனால் பலன் நன்றாகவே தெரியும்.

சிக்கல், எம்டியு சின்னதாக இருப்பதில் இல்லை. நீங்கள் எழுதியதும் வழியில் இருப்பதும் வேறாக இருப்பதில்தான். டனல் எழும்போது பரிமாறப்படுவது சின்னப் பாக்கெட்டுகள், எல்லாம் தாராளமாகப் போய்விடும். நிலை பச்சையாகக் காட்டும். முதல் பெரிய எழுத்து வேலை (ஸ்டோரேஜில் தரவை எழுதுவது) தொடங்கியதும் பெரிய பாக்கெட்டுகள் நடுவில் எங்கோ சத்தமில்லாமல் சாகும். ‘டனல் மேலேதான் இருக்கிறது, ஆனால் காப்பி நகரவே மாட்டேன் என்கிறது’ என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் பிங் அனுப்பிப் பாருங்கள்: 1500-க்கு 1472 பைட், 9000-க்கு 8972 பைட். இரண்டு திசையிலும்.

முன்னுரிமை எந்த இடத்தில் வேலை செய்யும்?

வரிசை சேரும் இடத்தில் மட்டும். வரிசையே இல்லாத லிங்கில் எல்லா பாக்கெட்டும் வந்தவுடன் போய்விடும். யாருக்கு முதல் மரியாதை என்ற கேள்வியே எழாது. ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, உங்கள் பாதையில் நெரிசல் எங்கே வரும் என்பது.

பெரும்பாலும் இரண்டு இடங்கள். ஒன்று, டனல் சாதனத்தின் உள்ளேயே: ஃபைபர் சேனல் பக்கம் 16 அல்லது 32 ஜிகாபிட் வேகத்தில் வருகிறது, வெளியே போவது 475 மெகாபிட். இரண்டு, லான் (தளத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்) அகன்று வந்து வான் (தளங்களை இணைக்கும் தொலைதூர லிங்க்) குறுகும் ரவுட்டர். முதல் இடத்தில் தீர்மானிப்பது சாதனத்தின் சொந்த முன்னுரிமை வகுப்புகள். இரண்டாவது இடத்தில் தீர்மானிப்பது பாக்கெட்டில் இருக்கும் டிஎஸ்சிபி அல்லது 802.1பி குறியும், அதைப் படித்து வரிசை பிரிக்கும் ரவுட்டர் பாலிசியும். பலர் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் ஆகிவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். ஸ்விட்சில் குறி போடுவது ஒரு வேண்டுகோள்தான். ரவுட்டரில் அதற்கென்று வரிசை இல்லாவிட்டால் அந்தக் குறியை யாரும் பார்க்கப்போவதில்லை.

802.1பி குறி விலான் தலைப்பில் இருக்கும் 3 பிட், 0 முதல் 7 வரை. ரவுட்டரைத் தாண்டினால் அந்தத் தலைப்பே போய்விடும். டிஎஸ்சிபி ஐபி தலைப்பில் 6 பிட், 0 முதல் 63 வரை, கடைசி வரை கூடவே வரக்கூடியது. வான் லிங்கில் நம்ப வேண்டியது டிஎஸ்சிபியைத்தான்.

எந்தப் போக்குவரத்துக்கு எந்த வகுப்பு?

ப்ரோகேடில் நான்கு வகுப்புகள். ஃபேப்ரிக்கின் கட்டுப்பாட்டுப் பேச்சுக்குக் கண்டிப்பான முதலிடம். மிச்சத்தை உயர், நடுத்தர, கீழ் என்ற மூன்று வகுப்புகள் இயல்பாக 50, 30, 20 சதவீதம் என்று பிரித்துக்கொள்ளும். இது நெரிசலின்போது மட்டும். உயர் வகுப்பில் ஒன்றும் ஓடாவிட்டால் கீழ் வகுப்பு முழு லிங்கையும் எடுத்துக்கொள்ளும். எந்தச் சாதனம் எந்த வகுப்பு என்பதை ஜோன் பெயரின் முன்னொட்டு முடிவு செய்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் நடுத்தரம். சிஸ்கோ எம்டிஎஸ்-இல் கட்டுப்பாட்டுக்கு ஒரு டிசிபி இணைப்பு, தரவுக்கு இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனி டிஎஸ்சிபி எண் கொடுக்கலாம்.

என் யோசனை: ஒத்திசைவாக நடக்கும் ரெப்ளிகேஷன் உயர் வகுப்பு, சற்றுப் பின்தங்கி நடக்கும் ரெப்ளிகேஷன் நடுத்தரம், டேப் பேக்கப்பும் டேட்டா இடமாற்றமும் கீழ். இதற்குமேல் நுணுக்கமாகப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாரும் தங்கள் அப்ளிகேஷனை உயர் வகுப்பில் வைக்கக் கேட்பார்கள். கேட்டபடியெல்லாம் வைத்தால், அப்புறம் வகுப்பே இல்லாததற்குச் சமம்.

ஸ்டோரேஜுக்கு டிஎஸ்சிபி 46 போடலாமா? அதுதானே மிக உயர்ந்தது?

போடாதீர்கள். 46 என்பது ஈஎஃப், குரல் அழைப்பு போன்ற சின்ன, சீரான போக்குவரத்துக்கானது. ரவுட்டர்களில் அந்த வரிசைக்கு முதலிடம் உண்டு, ஆனால் அது மற்றவர்களைப் பட்டினி போடக் கூடாதே என்று கடுமையான உச்சவரம்பும் வைத்திருப்பார்கள். ரெப்ளிகேஷன் திடீரென்று பொங்கும் போக்குவரத்து. வரம்பைத் தாண்டியதெல்லாம் அங்கேயே குப்பைக்குப் போகும், கூடவே தொலைபேசி அழைப்புகளும் கெடும். டனல் தரவுக்கு ஏஎஃப் என்ற டிஎஸ்சிபி வகுப்புகளில் ஒன்றைக் கொடுத்து, குறைந்தபட்சப் பங்கு உறுதியான தனி வரிசையில் விடுங்கள்.

அந்த வரிசையில் முன்கூட்டியே பாக்கெட் எறியும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். வேகத்தை ஏற்கெனவே கட்டுப்படுத்தி அனுப்பும் டனலுக்கு அது வேண்டாத தண்டனை.

ஒரே டிசிபி இணைப்பில் வெவ்வேறு குறியுள்ள பாக்கெட்டுகளைக் கலக்கலாமா?

கூடாது. ரவுட்டர் உயர் குறியை முந்தவிட்டால் பாக்கெட்டுகள் வரிசை குலைந்து வந்து சேரும். டிசிபி அதைத் தொலைந்ததாக நினைத்துத் திரும்ப அனுப்பும். கலக்காவிட்டாலும், ஒரே இணைப்பில் முன்னால் போன பேக்கப் பாக்கெட் ஒன்று தொலைந்தால், அது வந்து சேரும்வரை பின்னால் நிற்கும் முக்கியத் தரவும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் வகுப்புக்கு ஒரு டிசிபி இணைப்பு என்ற ஏற்பாடு. உங்கள் சாதனம் அப்படிப் பிரிக்காதது என்றால், வகுப்புக்கு ஒரு டனல் போடுங்கள்.

ஐபிசெக் (பாக்கெட்டைக் குறியாக்கி அனுப்பும் முறை) போட்டால் முன்னுரிமை என்ன ஆகும்?

டனல் முறையில், உள் பாக்கெட்டின் டிஎஸ்சிபி வெளித் தலைப்புக்குப் பிரதியெடுக்கப்படுவது வழக்கம். அதனால் குறி பிழைத்துவிடும். பலர் எதிர்பார்க்காத சிக்கல் வேறு. ஐபிசெக் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போடுகிறது. பழைய பாக்கெட்டை யாரோ திரும்ப அனுப்பி ஏமாற்றாமல் இருக்க, பெறும் முனை ஒரு சிறிய சாளரத்துக்குள் வரும் எண்களை மட்டும் ஏற்கும். பல சாதனங்களில் இது இயல்பாக 64 பாக்கெட். குறியாக்கம் முடிந்த பிறகு ரவுட்டர் உயர் வகுப்பை முந்தவிட்டால், கீழ் வகுப்புப் பாக்கெட்டுகள் சாளரத்துக்குப் பின்னால் போய், வந்து சேர்ந்த பிறகும் நிராகரிக்கப்படும். லிங்கில் இழப்பு பூஜ்யம், டனலில் மட்டும் இழப்பு என்று தெரிந்தால் இங்கே தேடுங்கள்.

2005-இல் வந்த ஆர்எஃப்சி 4301 இதைச் சொல்லி, வகுப்புக்கு ஒரு பாதுகாப்பு இணைப்பு வைக்கச் சொல்கிறது. அது முடியாவிட்டால் சாளரத்தைப் பெரிதாக்குங்கள். இன்னொன்று, ஐபிசெக் தலைப்பு எம்டியுவில் இடம் பிடிக்கும். மேலே சொன்ன பிங் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எழுத்து வேகப்படுத்தும் வசதியைப் போடலாமா?

தூரம் அதிகமென்றால் போடலாம். சாதாரண ஸ்கசி எழுத்துக்கு இரண்டு பயணம்: கட்டளை போய் ‘தயார்’ என்ற பதில் வரும், பிறகு தரவு போய் ‘முடிந்தது’ வரும். இந்த வசதி ‘தயார்’ என்ற பதிலை அருகிலேயே கொடுத்து ஒரு பயணத்தை மிச்சம் பிடிக்கிறது. 10 மில்லிசெகண்ட் பாதையில் 20 என்பது 10 ஆகும். சில ஸ்டோரேஜ் பெட்டிகளின் ரெப்ளிகேஷனே இதைச் செய்துவிடும். அங்கே இரண்டாவது தடவை போட்டுப் பயனில்லை. ஒரு எழுத்தின் கட்டளையும் தரவும் பதிலும் ஒரே டனல் வழியாகத்தான் போய்வர வேண்டும். ஃபேப்ரிக் அவற்றை இரண்டு டனல்களில் பிரித்துப்போட்டால் எழுத்து பிழையாகி நிற்கும்.

ஃபயர்வாலில் எதைத் திறக்க வேண்டும்?

டிசிபி 3225, ப்ரோகேட் என்றால் 3226-உம். ஐபிசெக் என்றால் யுடிபி 500-உம் ஈஎஸ்பி என்ற ஐபி நெறிமுறை எண் 50-உம். பாக்கெட் முழுவதையும் தோண்டிப் பார்க்கும் பரிசோதனையை இந்தப் போக்குவரத்துக்கு அணைத்துவிடுங்கள்.

முன்னுரிமை உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

லிங்க் காலியாக இருக்கும்போது சோதித்தால் எல்லாமே அருமையாகத் தெரியும். வேண்டுமென்றே நிரப்புங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, கீழ் வகுப்பில் ஒரு பெரிய காப்பியை ஓடவிட்டு லிங்கை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகு உயர் வகுப்பு ரெப்ளிகேஷனைத் தொடங்குங்கள். கீழ் வகுப்பின் வேகம் இறங்கி, உயர் வகுப்பு தன் பங்கை எடுத்து, அதன் எழுத்துத் தாமதம் பெரிதாக மாறாமல் இருந்தால் சரி.

அதே நேரத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். டனல் சாதனத்தில் திரும்ப அனுப்பிய பாக்கெட் எண்ணிக்கை வகுப்பு வாரியாக எவ்வளவு, வான் ரவுட்டரில் ஸ்டோரேஜ் வரிசையில் பாக்கெட் எண்ணப்படுகிறதா, மறுமுனையில் பிடித்த பாக்கெட்டில் டிஎஸ்சிபி நீங்கள் போட்ட எண்ணாகவே இருக்கிறதா. மறுமுனையில் எல்லாம் 0 என்று வந்தால் நடுவில் யாரோ அழிக்கிறார்கள். ரவுட்டரின் ஸ்டோரேஜ் வரிசை காலியாகவே இருந்தால் அதற்கு முன்பே, பெரும்பாலும் லான் ஸ்விட்ச் போர்ட் குறியை நம்பும்படி அமைக்கப்படாததால், அழிந்திருக்கிறது.

இதையே எதிர்த்திசையிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் தளத்து ரவுட்டரில் பாலிசி எழுதப்பட்டு, இன்டர்ஃபேஸில் மாட்டப்படாமல் கிடப்பது அடிக்கடி நடப்பது. பேரிடர் வந்து ரெப்ளிகேஷன் திசை திரும்பும் வரை அது யார் கண்ணிலும் படாது.